பாட்டி பேர் இருந்த பக்கம்

திருவையாறு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அசோகா அல்வா. என் சங்கீத ஞானத்தின் எல்லை அது. உங்களுக்கு ஒருவேளை தியாகராஜ ஆராதனை ஞாபகம் வரலாம். டிவியில் பார்த்திருப்பீர்கள். காவிரிக்கரை, வரிசை வரிசையாக வித்வான்கள், பஞ்சரத்ன கீர்த்தனைகள். யார் நிஜமாகவே பாடுகிறார்கள், யார் வெறுமே வாயசைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு.

அந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியவர் ஒரு பெண்மணி. பெங்களூர் நாகரத்தினம்மா. சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, கச்சேரி பாடிச் சம்பாதித்த பணத்தையெல்லாம் கொட்டி, 1925ல் கும்பாபிஷேகம் நடத்தினார். அந்தக் காலத்தில் ஆராதனை நடத்தும் சங்கீதக்காரர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கிடந்தார்கள். எல்லாவற்றிலும் சண்டை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் பாடக்கூடாது. அம்மணி சளைக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு கோஷ்டி ஆரம்பித்தார். 1940ல் எல்லோரும் ஒன்றானார்கள்.

இதெல்லாம் ஓரளவு தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு. கோயிலுக்கு முன்னால் அவர் இன்னொன்றைப் புதுப்பித்தார். அது ஒரு புத்தகம். அதற்குக் கும்பாபிஷேகம் நடக்கவில்லை. போலீஸ் வந்தது.

நாகரத்தினம்மா 1878ல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசிக் குடும்பம். சங்கீதம், நாட்டியத்தோடு சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடமெல்லாம் முறையாகப் படித்தவர். சென்னைக்கு வந்து, பெரிய பாடகியாகி, சொந்தக் காலில் நின்றார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு இந்தத் தகவல்தான் முதலில் கண்ணில் பட்டது. வருமான வரி கட்டுகிற அளவுக்குக் கணக்கு வைத்துக்கொண்ட ஒருவர், போட்ட முதல் திரும்புமா என்று தெரியாத ஒரு காரியத்தில் எதற்காக இறங்கினார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது.

பழைய தஞ்சாவூர் தெலுங்கு இலக்கியம் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் எதிர்ப்படுகிறது. முத்துப்பழனி. எழுதிய காவியம், ராதிகா சாந்த்வனம். சாந்த்வனம் என்றால் தேற்றுதல், சமாதானப்படுத்துதல். கோபித்துக்கொண்ட ராதையைக் கண்ணன் சமாதானப்படுத்துகிற கதை.

இங்கே கொஞ்சம் தஞ்சாவூரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சாவூரில் ராஜா மராட்டியர். ஜனங்கள் தமிழ். ஆனால் அரண்மனையில் கவிதை என்றால் தெலுங்கு. நாயக்கர் காலத்திலிருந்து வந்த வழக்கம். அந்த நாயக்கர் சபையிலேயே ராமபத்ராம்பா, ரங்காஜம்மா என்று பெண் கவிஞர்கள் இருந்திருக்கிறார்கள். முத்துப்பழனி அதற்குப் பிறகு, 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாபசிம்மன் காலத்தவர். பெயரிலேயே பழனியை வைத்துக்கொண்டு தெலுங்கில் எழுதிய தஞ்சாவூர்க்காரி. நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். மார்கழி மாதம் அதிகாலையில் ஸ்பீக்கர் வைத்து ஊரை எழுப்புகிற நாம், இந்த ஒரு காரணத்துக்காகவாவது இவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

கதை இதுதான். ராதை, இளா என்ற பெண்ணைத் தானே வளர்க்கிறாள். தானே கண்ணனுக்குக் கட்டிவைக்கிறாள். முதலிரவுக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கும் புத்தி சொல்கிறாள், கண்ணனுக்கும் சொல்கிறாள். அனுப்பிவைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தவிக்கிறாள். பிறகு கோபம், பொறாமை, அழுகை. கண்ணன் வந்து தேற்றுகிறான். நான்கு பாகம், 584 பாட்டு. சிருங்காரம் உண்டு. நிறையவே உண்டு. சாதாரணமாக இந்த மாதிரிக் காவியங்களில் பெண்ணுக்கு என்ன ஆசை என்பதை ஆண் கவிஞர்தான் நமக்குச் சொல்லுவார். இதில் ஒரு பெண்ணே சொல்லிவிட்டார்.

நாகரத்தினம்மா தேடி, அச்சுப் புத்தகம் ஒன்றைப் பிடிக்கிறார். 1887ல் வெங்கடநரசு என்ற பண்டிதர் பதிப்பித்தது. படித்தால் ஏதோ இடறுகிறது. பிறகு ஒரு கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. அச்சில் சில சிருங்காரப் பாட்டுகளைக் காணோம். சரி, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் காணாமல் போன இன்னொன்று இருக்கிறது. புத்தகத்தின் முகப்பில் முத்துப்பழனி எழுதிய பாயிரம்.

அதில் என்ன இருந்தது? ஆபாசம் ஒன்றும் இல்லை. தான் யார் என்று சொல்லியிருந்தார். தன் பாட்டி தஞ்சநாயகி ஒரு கவி என்றும், தன் அத்தையும் கவி எழுதியவர் என்றும் சொல்லியிருந்தார். பண்டிதர்களுக்குத் தான் பரிசு கொடுத்து கௌரவித்ததையும், தன் பெயருக்குக் காவியங்கள் சமர்ப்பணம் செய்யப்பட்டதையும் கூச்சமே இல்லாமல் பட்டியல் போட்டு, வேறு எந்தப் பெண்ணுக்கு இது நடந்திருக்கிறது என்கிற தோரணையில் கேட்டிருந்தார். ஆண் கவிஞர்கள் எல்லோரும் தங்கள் முகவுரையில் செய்கிற அதே காரியம்தான். அவர்கள் அப்பா, தாத்தா, குரு என்று போவார்கள். இவர் பாட்டி, அத்தை என்று போயிருந்தார். அதைத்தான் தூக்கியிருந்தார்கள்.

நம் ஊர் நன்னூலில் பாயிரத்துக்கு ஒரு பெரிய இடம் உண்டு. எத்தனை விரிவாக எழுதினாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே இல்லை என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அதில் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியலும் உண்டு. நூலைச் செய்தவர் பெயர், அது வந்த வழி என்று தொடங்குகிற பட்டியல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது எதற்கு என்று எரிச்சலாக இருந்தது. முத்துப்பழனி கதையைப் படித்தபோது எதற்கு என்று தெரிந்தது. சிருங்காரப் பாட்டை வெட்டினால் புத்தகம் கொஞ்சம் மெலிந்துபோகும். பாயிரத்தை வெட்டினால், எழுதியவள் எங்கிருந்தோ திடீரென்று முளைத்த விசித்திரப் பிறவி ஆகிவிடுவாள். மூன்று பெண்கள் எழுதிய ஒரு குடும்பம், ஒரு கத்தரிப்பில், எப்படியோ எழுதிவிட்ட ஒரே ஒரு பெண்ணாகிவிடும்.

வெட்டு என்பது எப்போதும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. பத்திரிகை ஆபீசில் இருப்பவனுக்கு இது தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு அரைப்பக்க விளம்பரம் ஒன்று வந்து சேரும். ஏதாவது ஒரு கட்டுரைக்குக் கத்தி. கை தானாக முதல் பாராவுக்குத்தான் போகும். சுற்றி வளைத்து ஆரம்பிக்கிறார் சார், தூக்கிடலாம் என்பார்கள்.

என் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து எடுத்து, சேர்த்து, தெருமுனை பைண்டரிடம் கொடுத்து, காலிகோ துணி ஒட்டி வாங்கிவருவார்கள். தமிழ்நாட்டில் பாதி நாவல்கள் இப்படித்தான் தலைமுறை தாண்டின. பைண்டருக்கு இலக்கியம் தெரியாது. ஓரம் பிசிறில்லாமல் வரவேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. மேல் மார்ஜினோடு தலைப்பும் எழுதியவர் பெயரும் போய்விடும். அந்தப் பெட்டியில் ஒரு மொத்தமான நாவல். முதல் எட்டுப் பக்கம் கிடையாது. நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். யார் எழுதியது என்று பாட்டியைக் கேட்டால், “யாரோ ஒரு மாமிடா, பேர் தெரியலை, பிரமாதமா எழுதுவா” என்பாள். பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் முதல் பக்கம் உள்ள பிரதியைப் பார்த்தேன். வை.மு. கோதைநாயகி அம்மாள்.

அந்த யாரோ ஒரு மாமி, 1901ல் பிறந்து, ஐந்து வயது முடிந்த கையோடு கல்யாணமாகி, பள்ளிக்கூடமே போகாதவர். முதல் நாடகத்தைச் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக் கொடுத்தார். 1925லிருந்து ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தியவர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர், மேடையில் பாடியவர், நூற்றுப் பதினைந்து நாவல் எழுதியவர். பைண்டருக்கு இது எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. 1887ல் பாயிரத்தை விட்டவர் அந்த பைண்டர் மாதிரி இல்லை. அவர் பண்டிதர். படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்.

போகட்டும். நாகரத்தினம்மாவுக்கு வருவோம். இந்தக் காவியத்தை எத்தனை தடவை படித்தாலும் மறுபடி படிக்கத் தோன்றுகிறது என்று முன்னுரையில் எழுதினார். எழுதியவர் ஒரு பெண், அதுவும் தன் குலத்தில் பிறந்தவர், ஆகவே இதைச் சரியான வடிவத்தில் அச்சுக்குக் கொண்டுவருவது தன் கடமை என்கிற மாதிரி ஒரு காரணத்தையும் சொன்னார். முழுப் பிரதி. பாட்டி, அத்தை எல்லோரோடும். 1910ல் சென்னையில் வாவிள்ளா ராமஸ்வாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் வெளியிட்டார்கள். தெலுங்கு, சமஸ்கிருதப் புத்தகங்களுக்கு அன்று பெரிய பெயர் பெற்ற நிறுவனம் அது.

தமிழர்களான நமக்கு ஏட்டுச்சுவடி, பதிப்பு என்றால் உடனே உ.வே.சா.தான். அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் இதே 1887ல்தான். முத்துப்பழனியின் பாயிரம் காணாமல் போன அதே வருடம். சிந்தாமணிக்கு மணநூல் என்றே ஒரு பெயர் உண்டு. சீவகனுக்கு எட்டுக் கல்யாணம். சிருங்காரத்துக்குப் பஞ்சமே இல்லை. யாரும் கேஸ் போடவில்லை. நல்லவேளை, போடவில்லை. 1906ல் அவருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் கொடுத்தது சர்க்கார். அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு அது குறைச்சல் என்பதே என் கட்சி. அதே மாதிரி பிரதி தேடி, ஒப்பிட்டு, திருத்தி, அச்சேற்றிய நாகரத்தினம்மாவுக்கு அடுத்த வருடமே அதே சர்க்கார் என்ன கொடுத்தது என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

முதலில் பத்திரிகைகள். எழுதியதும் ஒரு தாசி, பதிப்பித்ததும் ஒரு தாசி என்று எழுதியது ஒரு தெலுங்குப் பத்திரிகை. அதோடு விமரிசனம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டது போல. அடுத்து வந்தவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. சாமானியப்பட்ட ஆள் இல்லை. ஆந்திராவில் விதவை மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் ஊர் எதிர்ப்பைத் தாங்கிப் போராடியவர். பெண்களுக்காக அவ்வளவு செய்தவர். முத்துப்பழனிக்கு இசையும் இலக்கியமும் நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை ஒப்புக்கொண்டவரும் அவர்தான். ஆனால் இந்தக் காவியத்தில் பெண்கள் காதால் கேட்கவும் வாயால் சொல்லவும் தகாத பகுதிகள் நிறைய என்பது அவர் தீர்ப்பு. எழுதியவளின் ஒழுக்கத்தையும் ஒரு பிடி பிடித்தார்.

நாகரத்தினம்மா பதில் சொன்னார். பொத்தாம்பொதுவாக அழவில்லை. ஆதாரத்தோடு கேட்டார். கூச்சம், மானம் எல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்களுக்குக் கிடையாதா? இதைவிட மோசமாக எழுதப்பட்ட வைஜயந்தி விலாசத்தை இதே பந்துலு பார்த்து, சரியென்று சொல்லி அச்சுக்கு அனுப்பவில்லையா? அதில் வராத ஆபாசம் இதில் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்விகள். இன்றுவரை எவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

வாக்குவாதத்தில் தோற்றால் புகார் கொடுப்பது நம் மரபு. 1911ல் விவகாரம் சர்க்காரிடம் போனது. சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆட்சேபகரமான பகுதிகளை எடுத்து இங்கிலீஷில் ஆக்கிக் கொடுத்தார். 584 பாட்டில் அதை மட்டும். யோசித்துப் பாருங்கள். சாம்பாரிலிருந்து மிளகாயை மட்டும் பொறுக்கி எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்து, எப்படி இருக்கிறது சமையல் என்று கேட்டால், சாப்பிடுகிறவர் என்ன சொல்வார்? அதுவும் வெள்ளைக்காரர். பிரதிகளைப் போலீஸ் பறிமுதல் செய்தது. புத்தகத்துக்குத் தடை. பண்டிதர்கள் சிலர் எதிர்த்து மனுப் போட்டும் பலனில்லை.

எனக்குத் தெலுங்கு தெரியாது. சினிமாத் தெலுங்கு கொஞ்சம் தெரியும், அதை வைத்துக்கொண்டு காவியம் படிக்க முடியாது. ஆகவே ஒரு நண்பரைப் பிடித்தேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தைந்துக்கு மேல். அவரிடம் பழைய பதிப்பின் ஜெராக்ஸ் பிரதி ஒன்று, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் ஒரு பாட்டைப் படிப்பார், பிறகு தமிழில் சொல்வார். படிக்கும்போது குரல் கணீரென்று இருக்கும். அர்த்தம் சொல்லும்போது திடீர் திடீரென்று குரல் இறங்கும். இறங்கினால் சமையலறையிலிருந்து அவர் மனைவி காபியோடு வருகிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

“எதுக்கு இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க? நான்தான் முழுசும் படிச்சாச்சே.”

நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “எப்போ படிச்சே?”

“நீங்க பாங்க்குக்குப் போன நாள்லயே. பீரோமேல வெச்சா எனக்கு எட்டாதுன்னு நினைச்சீங்களா?”

பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, இவர் உங்களுக்கு எந்தெந்தப் பாட்டுச் சொல்றார்னு எனக்குத் தெரியும். அதை விடுங்க. தான் வளர்த்த பொண்ணை, தன் கையால தலைவாரிப் பூ வெச்சு, அவன்கிட்டயே அனுப்பிட்டு வெளியில நின்னு அழறாளே, அந்த இடம் வந்துதா?” என்றார்.

வரவில்லை. நண்பர் அதைத் தாண்டிப் போயிருந்தார். அந்த அம்மாவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, பக்கத்தைப் புரட்டாமல் நேராக அந்த இடத்தைப் பிரித்தார். படித்தார். குரல் எங்கேயும் இறங்கவில்லை. அர்த்தம் சொல்லும்போது ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மேல சொல்றேன்” என்றார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் வாத்தியார். நண்பர் காபி போட்டார். சுமாரான காபி.

பெண்கள் காதில் விழக்கூடாது என்று வீரேசலிங்கம் கவலைப்பட்ட புத்தகத்தில் ஒரு பெண் தேடிப் பிடித்துப் படித்த பகுதி எது என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் சர்க்காருக்குக் கொடுத்த பட்டியலில் அது இருந்திருக்க வழியில்லை.

தடை முப்பத்தாறு வருடம் இருந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த தங்குதூரி பிரகாசத்தின் முயற்சியில் 1947ல் நீங்கியது. தெலுங்கு இலக்கிய மாலையில் உதிர்ந்துபோன முத்துகளைத் திரும்பக் கோக்கிறோம் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். வாவிள்ளா 1952ல் மறுபடி பதிப்பித்தார்கள். அதே வருடம் மே 19ம் தேதி நாகரத்தினம்மா காலமானார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி.

அத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்றால், இல்லை. தடை போனதும் புத்தகம் தானாகப் பரவிவிடாது. சண்டை நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, புத்தகத்தைப் பார்த்தவர் சிலர்தான். பார்க்காமலேயே மட்டம் என்று சொன்னவர்கள் அதிகம். 1991ல் சூசி தாரு, கே. லலிதா இருவரும் இந்தியப் பெண்களின் எழுத்தை ஆங்கிலத்தில் தொகுத்தபோதுதான் முத்துப்பழனி கதை வெளியுலகத்துக்கு வந்தது. நாகரத்தினம்மாவின் வாழ்க்கை வரலாற்றை வி. ஸ்ரீராம் 2007ல் எழுதினார். தமிழிலும் ‘தேவதாசியும் மகானும்’ என்று வந்திருக்கிறது. காவியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2011ல் பெங்குவின் வெளியிட்டது. 1910லிருந்து எண்ணினால் நூற்றியோரு வருடம்.

பதிப்பாளர்களைக் கேட்டால், செத்துப் போன எழுத்தாளர்தான் உத்தமமான எழுத்தாளர் என்பார்கள். அட்வான்ஸ் கேட்கமாட்டார். அட்டைப்படம் சரியில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்யமாட்டார். இறந்து அறுபது வருடம் ஆகிவிட்டால் ராயல்டியும் கிடையாது. எங்கள் பி.காம். பாஷையில் சொன்னால் செலவுப் பக்கத்தில் ஒரு வரி மிச்சம். கோதைநாயகி அம்மாள் 1960ல் காலமானார். அந்த அறுபது வருடக் கணக்கு 2020 டிசம்பரோடு தீர்ந்துவிட்டது. நூற்றுப் பதினைந்தையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யாரும் ஒரு பைசா கேட்கமுடியாது.

ஆனால் செத்துப் போனவருக்கு உயிரோடு ஓர் ஆள் வேண்டும். பிரதி தேட, ஒப்பிட, ப்ரூஃப் பார்க்க, முன்னுரை எழுத, திட்டு வாங்க. ஆண் எழுத்தாளர்களுக்கு இந்த ஆள் பெரும்பாலும் அமைந்துவிடுகிறார். பிள்ளை இருப்பார், சீடர் இருப்பார், ஜாதிச் சங்கமாவது இருக்கும், நூற்றாண்டு விழாவுக்கு மலர் போடும். அடுப்படியிலிருந்து எழுதிய பெண்ணுக்குச் சீடர் ஏது? கோதைநாயகி அம்மாளின் ஒரே பிள்ளை அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். முத்துப்பழனிக்கு, நூறு வருடத்துக்கும் மேல், ஒருவரும் இல்லை. பிறகு ரத்த சம்பந்தம் இல்லாத, வேறு ஊரில் பிறந்த ஒரு பாடகி வந்து, இவள் என் குலத்துக்காரி, இவளுக்கு நான் வாரிசு என்றார். தஞ்சநாயகி, அத்தை, முத்துப்பழனி, நாகரத்தினம்மா. வரிசையில் நாலாவது பெயர்.

இந்த வரிசை இவ்வளவு அழகாக நிற்கும்போது அதைக் கொஞ்சம் கலைக்கிற ஆசாமி ஒருவரையும் சொல்லவேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அவரும் அதே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்தவர். தேவதாசி முறையை ஒழிக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1936ல் ‘தாசிகள் மோசவலை’ என்று ஒரு நாவல் எழுதினார். உள்ளே நடக்கிற கொடுமையை உள்ளிருந்தே பார்த்தவரின் கோபம் அது. நாகரத்தினம்மாவோ ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தவர். அந்தக் குலத்துக்கு ஒரு வித்தை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது, எல்லாவற்றையும் விபசாரம் என்ற ஒரு சொல்லில் போட்டு மூடாதீர்கள் என்பது அவர் தரப்பு. இருவரும் ஒரு மேடையில் சந்தித்திருந்தால் மைக் தாங்கியிருக்காது. சட்டம் விஷயத்தில் நான் ராமாமிர்தம் அம்மையார் பக்கம்தான். அறியாத பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டுவதை எந்தக் காவியமும் நியாயப்படுத்திவிட முடியாது. ஆனால் நாகரத்தினம்மாவின் புத்தகம் இல்லாமல் ராமாமிர்தம் அம்மையாரின் புத்தகத்தை மட்டும் படித்தால், அந்த வீடுகளில் பாட்டியும் அத்தையும் பேத்தியும் காவியம் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். என் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

கடைகளில் அப்படி வைக்கமாட்டார்கள். நாகரத்தினம்மா வரலாற்றின் தமிழ்ப் பதிப்பை நண்பரின் மனைவிக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று சென்னைப் புத்தகக் காட்சியில் தேடினேன். ஒரு ஸ்டாலில் இலக்கியம் பிரிவில் பார்த்தேன், இல்லை. வரலாறு, இல்லை. இசை, பெண்ணியம், அங்கேயும் இல்லை. ஸ்டால் பையனிடம் சொன்னதும் யோசிக்கவே இல்லை. நேராக ஆன்மிக ரேக்குக்குக் கூட்டிப்போய், ஷீர்டி பாபாவுக்கும் ரமணருக்கும் நடுவிலிருந்து உருவிக் கொடுத்தான்.

“இது ஏம்ப்பா இங்க இருக்கு?” என்றேன்.

“தலைப்புல மகான்னு இருக்கே சார்” என்றான்.